மூன்றாவது துண்டு

எங்கள் தையல் கூடத்தில் யாருக்கும் பெயர் கிடையாது. செய்கிற வேலைதான் பெயர். காலர் தைப்பவள் காலர், பை தைப்பவள் பை, ஓரம் மடித்து அடிக்கிற நான் ஓரம். பாவாடைக்கு இடுப்புப் பட்டி வைத்துத் தைப்பவளை இடுப்பு என்று கூப்பிடுவோம். "இடுப்பு இன்னும் வரலையா?" என்று சூப்பர்வைசர் கத்தும்போது புதிதாகச் சேர்ந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். போகப் போக எல்லாருக்கும் பழகிவிடும். அவளுக்கு மட்டும் பழகவே இல்லை, ஒவ்வொரு தடவையும் காது சிவந்துபோகும்.

அவள் பயந்த சுபாவம். மெஷின் சத்தம் கொஞ்சம் மாறினால் போதும், பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். பயப்படுகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும், அதை நான் மறைத்ததும் இல்லை. உன்னை யாரும் கடித்துத் தின்றுவிடப் போவதில்லை என்று திட்டுவேன். அதற்கும் சிரித்துக்கொண்டே பயப்படுவாள். ஆனால் போன வருஷம் கல்யாணமான பிறகு அவளைப் பிடித்த பயம் வேறு. 

வயது ஏறி, இனி எங்கே என்று எல்லாரும் கைவிட்ட பிறகு, ஒரு லாரி டிரைவருக்கு இரண்டாம் தாரமாக வாழ்க்கைப்பட்டாள். மனுஷன் நல்லவர்தான், வீட்டில் இருந்தால்தானே. பாதி நாள் ரோட்டிலேயே கழிந்துவிடும். முதல் மனைவி காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் விட்டுப்போன பெண் பிள்ளை மூன்றாம் வகுப்பு படிக்கிறது. அதே வீட்டு மாடியில் அவருடைய அக்கா குடியிருக்கிறாள். இவளுக்கு நாத்தனார், பிள்ளைக்கு அத்தை. தாய் இல்லாமல் இருந்த காலமெல்லாம் பிள்ளையைக் குளிப்பாட்டிச் சோறு ஊட்டி வளர்த்தது அந்த அத்தைதான். அதில் ஒரு குறையும் சொல்லமாட்டேன். இவள் வந்த பிறகு அந்த வாய் பேசிய பேச்சைத்தான் சொல்கிறேன்.

நேரே இவளிடம் ஒன்றும் சொல்லமாட்டாள். இவள் காதில் விழுகிற மாதிரி பிள்ளையிடம் சொல்லுவாள். பால் சூடு பார்த்துத்தான் கொடுத்தார்களா என்று கேட்பாள். ராத்திரி கதவைத் தாழ் போடாமல் படு, கூப்பிட்டால் அத்தைக்குக் கேட்கும் என்பாள். ஒரு தடவை பிள்ளை தானாகவே கதவிடுக்கில் விரலை நசுக்கிக்கொண்டது. அன்றைக்கே தம்பிக்கு போன் போட்டு, இனிமேல் பிள்ளை மாடியிலேயே என்னோடு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். வருஷப் பரீட்சை முடியட்டும், பார்க்கலாம் என்றாராம் அவர். அந்தப் 'பார்க்கலாம்' அன்றிலிருந்து இவள் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு சின்னக் கீறல் விழுந்தாலும் பிள்ளை மாடிக்குப் போய்விடும், போனால் திரும்பி வராது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பிள்ளையாவது ஒட்டிக்கொண்டதா என்றால் அதுவும் இல்லை. சித்தி என்று கூப்பிடு என்று அப்பா சொல்லியிருந்தார். அது சித்தி என்றும் கூப்பிடாது, வேறு எப்படியும் கூப்பிடாது. வேண்டியதைச் சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்விடும். தண்ணி தீந்துபோச்சு. பென்சில் இல்ல. இவ்வளவுதான். சுவருக்குச் சொன்னதைச் சுவர் மாதிரியே கேட்டுக்கொண்டு இவள் செய்து கொடுப்பாள்.

ஒரு நாள் சாயங்காலம் பள்ளிக்கூடத்து நீலப் பாவாடையோடு சமையலறை வாசலில் நின்றிருக்கிறது. சுவரைப் பார்க்காமல், இவளைப் பார்த்து, "இது கட்டையாப் போச்சு" என்றதாம். இவள் அடுப்பை அணைத்தாள். நானே தைத்துத் தரட்டுமா என்று கேட்டிருக்கிறாள். பிள்ளை சரி என்று தலையாட்டியது.

மறுநாள் டீ குடிக்கும்போது என்னிடம் வந்து ரகசியம் கேட்பதுபோல், பாவாடை எப்படி அக்கா தைப்பது என்றாள். எனக்குப் புரையேறிவிட்டது. வாழ்நாளில் பாதியைப் பாவாடை இடுப்பில் கழித்தவள் கேட்கிற கேள்வியா அது? ஆனால் யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். அவள் கைக்கு வரும்போது பாவாடைக்கு இரண்டு பக்கமும் தைத்திருக்கும். அவள் கையை விட்டு என்னிடம் வந்த பிறகுதான் ஓரம். முழுப் பாவாடையை அவளும் தைத்ததில்லை, நானும் தைத்ததில்லை. அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து வாயாலேயே ஒரு பாவாடை தைத்தோம். துணி இரண்டு துண்டு, பக்கத்துக்கு ஒரு மூட்டுத் தையல், மேலே மடித்து எலாஸ்டிக் கோர்க்க வேண்டியது, கீழே மடித்து அடிக்க வேண்டியது. இதில் என்ன இருக்கிறது என்றேன். ஓரத்தை மட்டும் இங்கே கொண்டு வா, ஒரு நிமிஷத்தில் அடித்துத் தருகிறேன் என்றும் சொன்னேன்.

"வேணாங்க்கா. முழுக்க நானே தைக்கணும். யாரு கேட்டாலும் ஒரு தையல்கூட வேற ஆளோடதுன்னு இருக்கக் கூடாது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்ததைத் திங்கட்கிழமை காலையில் மெஷினில் உட்கார்ந்த கையோடு என்னிடம் கொட்டித் தீர்த்தாள். அவள் அப்படி ஓயாமல் பேசி நான் பார்த்ததே இல்லை. வீட்டு மூலையில் முதல் மனைவியின் தையல் மெஷின் ஒரு போர்வைக்குள் கிடந்தது. அதைத் தொடலாமா என்று இவள் யாரையும் கேட்கவும் இல்லை, தொடவும் இல்லை. பிள்ளைதான் எழுந்துபோய்ப் போர்வையை இழுத்துப் போட்டது. பிறகு வாசற்படியில் உட்கார்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தது. இவள் பழைய பாவாடையைப் புதுத் துணிமேல் விரித்து, நாலு விரல் கூட விட்டு வெட்டினாள். பக்கம் மூட்டினாள். மேலே மடித்து அடித்து, எலாஸ்டிக்கின் நுனியில் ஊக்கு குத்தி உள்ளே விட்டு இழுத்தாள். எலாஸ்டிக் புரளாமல் இருக்க இரண்டு பக்க மூட்டிலும் ஒரு தையல் போட வேண்டும். அந்த இடத்தில் துணி மடிப்பு மேல் மடிப்பாகத் தடித்திருக்கும். அங்கே வைத்து ஊசி டக்கென்று உடைந்துவிட்டது.

உடைந்ததும் இவள் கை தானாக மேலே போய்விட்டது.

இதைப் புரிய வைக்க எங்கள் கூடத்து வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஊசி உடைந்தால் நாங்கள் எதையும் தொடக் கூடாது. பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டுக் கையை உயர்த்திக்கொண்டு அசையாமல் உட்கார வேண்டும். ஊசிக்காரர் என்று ஒருத்தர் வருவார். இடுப்பில் கயிற்றில் ஒரு காந்தம் கட்டியிருப்பார். உடைந்த துண்டுகளை அவரே தேடி எடுத்து, வெள்ளைத் தாளில் ஒன்றோடொன்று பொருத்தி வைத்து, முழு ஊசியாகச் சேர்ந்தால்தான் மேலே டேப் ஒட்டி, புது ஊசி கொடுப்பார். ஒரு துண்டு குறைந்தாலும் மெஷின் வரிசையே நிற்கும். நாங்கள் தைப்பது குழந்தைகள் துணி, அதனால் அந்தக் கெடுபிடி. இவள் கையில் எத்தனையோ ஊசி உடைந்திருக்கிறது. ஒரு துண்டைக்கூட இவள் தேடியதில்லை. தேடுவது இவள் வேலையே இல்லை.

ஊசிக்காரரே இல்லாத வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு இவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வாசற்படியில் இருந்த பிள்ளை சிரித்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததாம். அந்த வீட்டுக்கு இவள் வந்த பிறகு அது சிரித்து இவள் கேட்டது அதுதான் முதல் தடவை. இவளும் சிரித்துக்கொண்டே கையை இறக்கினாள். மெஷினில் மாட்டியிருந்த மேல்பாதி ஊசியைக் கழற்றி, பலகைமேல் விழுந்திருந்த துண்டை எடுத்து இரண்டையும் தீப்பெட்டியில் போட்டாள். வேறு ஊசி மாட்டித் தைத்து முடித்தாள். ஓரம் மட்டும் கோணலாகப் போய்விட்டது. பிள்ளை போட்டுப் பார்த்து, ஒரு சுற்றுச் சுற்றி, கோணல் என்று சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தது. காலையில் அதையே போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறது.

"சிரிச்சிருச்சுக்கா" என்று என்னிடம் இரண்டு மூன்று தடவை சொன்னாள். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், கோணல் ஓரம் தைத்த லட்சணத்துக்கு ஊரே சிரிக்கும் என்றேன்.

டீ மணி அடிக்கக் கொஞ்சம் முன்னால் காலருடைய ஊசி உடைந்தது. அவள் கையைத் தூக்கினாள், வரிசை நின்றது. முதுகை நெட்டி முறிக்கலாம் என்று எனக்குச் சந்தோஷம். ஊசிக்காரர் வந்து துண்டுகளைத் தாளில் வைத்துப் பொருத்திப் பார்த்துவிட்டு, முனை எங்கே என்று கேட்டுக்கொண்டே காந்தத்தோடு தரையில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் திரும்பினேன். இவள் முகத்தில் பொட்டு ரத்தம் இல்லை.

"அக்கா, நூல் சும்மா தொங்குச்சு" என்றாள்.

என்ன நூல் என்று கேட்டேன்.

"ஊசி உடைஞ்சப்ப நூல் சும்மா தொங்குச்சு. காது முழுசா இருந்தா துண்டு நூல்லதானே தொங்கியிருக்கணும்? அது பலகையில தனியா விழுந்து கிடந்துச்சு."

எனக்குப் புரிய ஒரு விநாடி ஆனது. மெஷின் ஊசிக்குக் காது அடியில், முனைக்கு ஒட்டி இருக்கும். நூல் கழன்று தொங்கியது என்றால் ஊசி காதிலேயே உடைந்திருக்கிறது. அப்படியானால் காதுக்குக் கீழே இருந்த முனை தனியாக ஒரு துண்டு. தீப்பெட்டியில் இருப்பது இரண்டு துண்டுதான். மூன்றாவது துண்டு அந்தத் தடித்த மடிப்புக்குள்ளே, பிள்ளையின் இடுப்பில், பள்ளிக்கூடத்தில் இருக்கிறது.

எழுந்தவள் பெஞ்சில் இடித்துக்கொண்டு விழப் போனாள். நான் பிடித்துக்கொண்டு சூப்பர்வைசரிடம் லீவு கேட்கப் போனேன். ஏற்கெனவே வரிசை நிற்கிற எரிச்சலில் அவர் இரண்டு பேர் எதற்கு என்று முறைத்தார். இவளைப் பாருங்கள், இவள் தனியாகப் போய்ச் சேருவாளா என்று கேட்டேன். அவர் பார்த்தார், போ என்று கையைக் காட்டினார். தரையில் தேடிக்கொண்டிருந்த ஊசிக்காரர் விஷயத்தைக் கேட்டு, முனையை எடுத்து முடித்த கையோடு, கயிற்றை அவிழ்த்துக் காந்தத்தை இவள் கையில் கொடுத்துவிட்டார். காலர் மட்டும் சும்மா இருக்கவில்லை. ஊசி உடம்பில் ஏறினால் ரத்தத்தோடு ஓடி நேரே நெஞ்சுக்குப் போய்விடுமாம், அவள் கேள்விப்பட்டிருக்கிறாளாம். வாயை மூடுடி என்று கத்திவிட்டு இவளை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆற அமர நின்று நின்று போனது. ஜன்னல் ஓரத்தில் காந்தத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எலாஸ்டிக் விரியும்போது முனை வெளியே வரும் என்றாள். குனிந்தால் வரும், ஓடினால் வரும், தரையில் உட்கார்ந்து எழுந்தால் வரும். இடுப்பு வைக்கிறவளுக்குத் தெரியாதா அது. நான் எதையோ சொல்லிச் சமாதானப்படுத்தப் பார்த்தேன், என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை. எனக்கும் பயம்தான்.

"நான் வேணும்னே வச்சேன்னு சொல்லுவாங்க. யாரு இல்லன்னு சொல்லுவா? அங்க இருந்தது நானும் பிள்ளையும்தான்" என்றாள்.

அந்த நாத்தனார் அப்படித்தான் சொல்லுவாள், சந்தேகமே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "பிள்ளைக்கு என்ன ஆச்சோன்னு நினைக்கிறதுக்கு முன்னாடி, என்னை என்ன சொல்லுவாங்களோன்னு நினைக்கிறேன் பாருங்க. நான் என்ன மனுஷி அக்கா" என்றாள். அவள் கையைப் பிடித்தேன். காந்தத்தைவிடக் கை சில்லிட்டிருந்தது.

பள்ளிக்கூட வாசலில் காவல்காரர் எங்களை நிறுத்தி, உள்ளே கேட்டுவிட்டு விட்டார். அது விளையாட்டு நேரம். திடல் முழுக்க நீலப் பாவாடை. ஓடுகிறது, விழுகிறது, புரளுகிறது. எல்லாம் ஒரே நீலம், ஒரே வெள்ளைச் சட்டை. இவள் ஒரு கூட்டத்தைப் பார்த்து ஓடுவாள், இல்லை என்று நிற்பாள், இன்னொன்றைப் பார்த்து ஓடுவாள். எங்கே என் பிள்ளை, எங்கே என் பிள்ளை என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கண்டுபிடித்தது நான்தான். முகத்தைப் பார்த்து இல்லை, எனக்கு அந்த முகமே தெரியாது. ஓரம் அடித்தே தேய்ந்த கண், அந்தக் கோணலை அது விடுமா? ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கிய ஒரே ஒரு பாவாடை சுவரோரமாகத் தனியாக நின்றுகொண்டிருந்தது. விளையாடவில்லை. சாயாமல் விறைப்பாக நின்று, ஒரு கையை இடுப்பில் வைத்திருந்தது.

வகுப்பு டீச்சர் எங்களை ஆசிரியர்கள் அறைக்குக் கூட்டிப்போனார். பெரிய மேஜை, ஜன்னலோரத்தில் தண்ணீர்ப் பானை, சுவரில் பெருக்கல் வாய்ப்பாடு. என்ன விஷயம் என்று டீச்சர் கேட்டதும் இவள் சுற்றி வளைக்கவில்லை. நேற்று நான் தைத்த பாவாடை, ஊசி உடைந்தது, முனை உள்ளே இருக்கிறது, நான் தேடவில்லை என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். டீச்சர் அவளையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரிந்தது, இவளுக்கும் தெரிந்தது.

இவள் மண்டி போட்டு உட்கார்ந்து காந்தத்தை இடுப்புப் பட்டிமேல் மெல்ல நகர்த்தினாள். பிள்ளை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றது. இடது பக்க மூட்டு, ஒன்றும் இல்லை. முன்பக்கம் ஒன்றும் இல்லை. வலது பக்க மூட்டில் காந்தத்தை வைத்து அழுத்தினாள், திருப்பினாள், மறுபடியும் அழுத்தினாள். பட்டியைத் திருப்பி உள்பக்கம் பார்த்தாள். மறுபடியும் முதலிலிருந்து சுற்றி வந்தாள். காந்தத்தில் ஒன்றும் ஒட்டவில்லை.

இல்லை என்றதும் எனக்கு மூச்சு வந்தது. ஆனால் இவள் பிள்ளையின் சட்டைக் கீழ் மடிப்பைத் தூக்கிப் பார்த்தாள். அங்கே வெள்ளைத் துணியில் கடுகளவு ரத்தம் காய்ந்திருந்தது. அதற்கு நேரே தோலில் ஒரு புள்ளி.

துணியில் இல்லை என்றால் எங்கே போயிற்று? காலர் சொன்னது எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. இவளுக்கும் வந்திருக்க வேண்டும். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அதை அழுகை என்று சொல்லமுடியாது. டீச்சர் பதறிப்போய் மேஜையில் இருந்த போனை எடுத்து, வீட்டில் இருந்து கொடுத்திருந்த நம்பரைத் தேடினார். பள்ளிக்கூடத்தில் கொடுத்திருந்தது அத்தையின் நம்பர்.

"போன் பண்ணாதீங்க டீச்சர்" என்றது பிள்ளை.

சட்டைப் பைக்குள் கையை விட்டு ஒரு அழிப்பான் ரப்பரை எடுத்து மேஜைமேல் வைத்தது. பாதி தேய்ந்த வெள்ளை ரப்பர். அதன் நடுவில் ஊசி முனை செருகியிருந்தது. யார் கையிலும் குத்தாமல் ஆழமாகப் புதைந்து, காது உடைந்த பக்கம் மட்டும் மின்னியது.

காலையில் பிரார்த்தனை வரிசையில் நிற்கும்போதே குத்தியிருக்கிறது. யாருக்கும் தெரியாமல் பட்டிக்குள் விரலை விட்டு அதுவே பிடுங்கி எடுத்திருக்கிறது. பாதி நாள் அதை ரப்பரில் வைத்துக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது. டீச்சரிடம் சொன்னால் டீச்சர் அத்தையிடம் சொல்லுவார், அத்தை அப்பாவிடம் சொல்லும். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்குப் பயத்தில் செத்தது நாங்கள் இரண்டு பேர் மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளை இவளைப் பார்த்தது. சுவரைப் பார்க்கவில்லை.

"வேணும்னே வச்சீங்களா?" என்று கேட்டது.

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டது. அந்தக் கேள்வியைத்தான் அது காலையிலிருந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சுமந்திருக்கிறது. டீச்சர் போனைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு அந்த அறையை விட்டு ஓடிவிடலாம் போலிருந்தது.

"இல்ல கண்ணு" என்றாள் இவள். "நேத்து நான் கையத் தூக்குனேன்ல, நீ சிரிச்சியே, அப்பதான் உடைஞ்சுது. நீ சிரிச்ச சந்தோஷத்துல நான் தேடாம விட்டுட்டேன்."

பிள்ளை அதை யோசித்துப் பார்த்தது. "அப்ப என்னாலயா?"

"இல்ல. தேட வேண்டியது நான்தான். என்னாலதான்."

பிள்ளை ரப்பரை எடுத்து இவள் உள்ளங்கையில் வைத்தது. கட்டிப்பிடித்துக்கொள்ளவெல்லாம் இல்லை. மண்டி போட்டிருந்தவள் எழுந்திருக்க முடியாமல் தடுமாறியபோது தோளைக் கொடுத்தது, அவ்வளவுதான்.

பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரியில் காயத்தைத் துடைத்து, முனை முழுசாக வந்துவிட்டது, உள்ளே ஒன்றும் இல்லை என்று டாக்டர் உறுதியாகச் சொன்னார். ஆனாலும் ஒரு தடுப்பூசி போட்டுவிடலாம் என்றார். ஊசி குத்தினதுக்கு மறுபடியும் ஊசியா என்று பிள்ளை என்னைப் பார்த்துக் கேட்டது.

அதற்கப்புறம் நடந்தது மறுநாள் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வழியில் பிள்ளை, அத்தையிடம் விளையாடும்போது விழுந்துவிட்டேன் என்று சொல்லட்டுமா என்று கேட்டிருக்கிறது. இவளுக்கு அந்த ஆசை இல்லாமல் இருந்திருக்காது. யாருக்குத்தான் இருக்காது? ஆனால் மறைத்தால் வேண்டுமென்றே வைத்ததாகிவிடும் என்று சொல்லி, செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே மாடி ஏறிவிட்டாள். நாத்தனார் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னபோது படிக்கட்டுக் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாளாம். நாத்தனார் முழுவதும் கேட்டாள். பிறகு தம்பிக்கு போன் போட்டாள். சத்தம் போடவில்லை. நான் அன்றைக்கே சொன்னேன், இன்றைக்கே பிள்ளையின் துணிமணியை மேலே எடுத்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

அந்த நேரத்தில் பிள்ளை கீழே இருந்து வந்தது. கையில் பள்ளிக்கூட நோட்டில் கிழித்த ஒரு தாள். தீப்பெட்டியைத் திறந்து இரண்டு துண்டையும் எடுத்து, ரப்பரில் இருந்ததையும் சேர்த்து, மூன்றையும் வரிசையாக வைத்து டேப் ஒட்டியிருந்தது. ஊசிக்காரரின் வழக்கத்தை வழியெல்லாம் இவளிடம் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறது.

"எல்லாத் துண்டும் இருக்கு அத்தை. ஒண்ணும் குறையல" என்று நீட்டியது.

அப்பா போனைப் பிள்ளையிடம் கொடுக்கச் சொன்னார். நீ எங்கே இருக்கப்போகிறாய் என்று அவர் கேட்டிருக்க வேண்டும். கீழேதான் என்றது பிள்ளை. ஏன் என்று கேட்டதற்கு, பாவாடை ஓரம் கோணலாக இருக்கிறது, அதைச் சரிபண்ண வேண்டும் என்றது. லாரிச் சத்தத்துக்கு நடுவில் அந்த மனுஷன் சரி, இரு என்றாராம். நாத்தனார் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, காயத்தில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள் என்றாள். பிள்ளையிடம் இல்லை, நேரே இவளிடம். முதல் தடவையாக.

எல்லாம் முடிந்து சுபம் என்று நினைத்துவிட வேண்டாம். அம்மா என்றோ சித்தி என்றோ அது இன்னும் கூப்பிடவில்லை, இது சினிமா இல்லை. அந்தப் பாவாடையை அது தினமும் போட்டது. ஆனால் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு நாள் காலையிலும் பட்டியைப் பிடித்துக்கொண்டு விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்க்கும். இடது மூட்டு, முன்பக்கம், வலது மூட்டு. இவள் சமையலறையில் நின்றுகொண்டு பார்ப்பாள். ஒன்றும் இல்லை என்று தெரிந்தாலும் விரல் சுற்றி முடிக்கிறவரை இவளுக்கு உயிர் இருக்காது. தினமும் வேலைக்கு வந்து, இன்றைக்கும் தடவிப் பார்த்தது அக்கா என்பாள். பார்க்கட்டும், பார்க்க வேண்டியதுதான் என்பேன்.

ஒரு வாரமா ஒரு மாதமா, எனக்குக் கணக்கு இல்லை. ஒரு நாள் காலை வந்து மெஷினில் உட்கார்ந்தவள் தைக்கவே ஆரம்பிக்கவில்லை. துணிக்கட்டு முன்னால் இருக்கிறது, இவள் கையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறாள். சூப்பர்வைசர் வேறு "இடுப்பு, இடுப்பு" என்று கத்துகிறார். காதுகூடச் சிவக்கவில்லை. என்ன ஆச்சு, பிள்ளைக்கு ஒன்றுமில்லையே என்று உலுக்கினேன்.

"இன்னிக்குத் தடவிப் பாக்கலக்கா. அப்படியே எடுத்துப் போட்டுக்கிட்டுப் போயிருச்சு" என்றாள்.

நல்லதுதானே, அதற்கு ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டேன்.

"பயமா இருக்குக்கா" என்றாள். "இனிமே நான்தானே பாக்கணும்."